பிடித்தவர் இறந்துபோனால்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை என்று எங்கே போனாலும், நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்த பிறகு, அப்படி வருகிறவர்கள் பாட்டைப் பற்றிக் கேட்பது குறைந்து, தங்களைப் பற்றிக் கேட்பது கூடிவிட்டது. அதே சந்தேகங்களே திரும்பத் திரும்ப வந்ததால், நான் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் எஸ்.பி.பி.யை வைத்துத்தான் பேசுவேன். வேறு சிலரும் நடுவில் வருவார்கள். நான் மனநல மருத்துவன் இல்லை. அவர்களிடம் போகவேண்டிய கட்டம் எது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

"நேர்ல ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அவருக்காக எனக்கு ஏன் இவ்வளவு அழுகை வருது?"

பார்த்ததில்லை, சரி. கேட்டிருக்கிறீர்களே. 1969-ல் 'அடிமைப் பெண்' வந்ததிலிருந்து ஐம்பது வருடம் அந்தக் குரல் நம் ஊர்களில் ஓயவே இல்லை. டவுன் பஸ், சலூன், காதுகுத்து வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், ராத்திரி பத்து மணிக்கு மேல் ரேடியோ. உங்கள் சொந்தத்தில் எத்தனை பேருடைய குரலை இத்தனை மணி நேரம் கேட்டிருப்பீர்கள்? அவருக்கு உங்களைத் தெரியாது என்பது உண்மைதான். உங்கள் காதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ரேடியோவிலும் டிவியிலும் தினமும் வருகிறவர், கேட்பவருக்கு நாளடைவில் பழகிய மனிதர் ஆகிவிடுகிறார். உறவு ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும் நெருக்கம் குறைவதில்லை என்றார்கள். டிவி வந்த புதிதில் சொன்னது. இப்போது போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அழுவதில் ஒரு பங்கு அவருக்கு, பெரும்பங்கு உங்களுக்கே. எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த கண்டக்டர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட் அட்டையை எடுத்துக் காட்டினார். சோனி 60. பக்கத்துக்கு ஆறு பாட்டு, நீல மையில் குனிந்து குனிந்து எழுதியது, கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும் என்பதற்காக அடைப்புக்குறிக்குள் 'பல்லவி மட்டும்'. கல்யாணத்துக்கு முன்னால் தன் மனைவிக்காகக் கடையில் பதிவுசெய்து வாங்கியதாம். கேசட் எப்போதோ சிக்கி அறுந்துவிட்டது, அட்டை மட்டும் இருக்கிறது. எஸ்.பி.பி. போன அன்று அவர் தேடி எடுத்தது இந்த அட்டையைத்தான், எஸ்.பி.பி. படத்தை இல்லை.

"எங்க பெரியப்பா செத்தப்பகூட நான் இப்படி அழல. நான் கல் மனசுக்காரியா?"

இல்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அழ நேரமே இருக்காது. ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரரைப் பிடிக்க வேண்டும், ஒருவர் விடாமல் போன் போட வேண்டும், வருகிறவர்களுக்குக் காபி தர வேண்டும். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கை நிறைய வேலை. ஒரு பாடகர் இறந்தால் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. நீங்களும் உங்கள் போனும் மட்டும்தான். துக்கம் நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெரியப்பாவோடு பேசாமல் இருந்த வருடங்களும் இருக்கும், வரப்புத் தகராறும் இருக்கும். எஸ்.பி.பி.யோடு உங்களுக்கு எந்தக் கணக்கும் பாக்கியில்லை. அதனால் அந்த அழுகையில் கலப்படம் கிடையாது. இரண்டையும் தராசில் வைக்காதீர்கள்.

2020-க்கு மட்டும் பொருந்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் கொரோனாவால் சொந்த அப்பா, அம்மாவின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள் ஏராளம். சுடுகாட்டுக்கு நாலு பேர், பிபிஇ உடுப்பு, தூரத்திலிருந்து ஒரு கும்பிடு. வாயை மூடிக்கொண்டு அதைத் தாண்டியவர்கள், செப்டம்பர் 25 மத்தியானம் டிவியைப் பார்த்து உடைந்தார்கள். எஸ்.பி.பி.யில் ஆரம்பித்துத் தன் அப்பாவில் போய் முடிக்கிற பேச்சை நான் பலரிடம் கேட்டுவிட்டேன்.

"எவ்வளவு நாள்ல சரியாகும்?"

பொதுவாக முதல் வாரம் கனமாக இருக்கும், அப்புறம் தானாக இளகும். புதுப் படம் வரும்போது, பிறந்த நாளில், எங்கேயோ ஒரு டீக்கடையில் எதிர்பாராமல் அந்தக் குரல் கேட்கும்போது திரும்ப வரும். அது வந்தால் 'இன்னும் சரியாகவில்லை' என்று அர்த்தம் இல்லை.

சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தால் ஒரு டாக்டரைப் பாருங்கள். அநேகமாக அடியில் வேறு ஒரு துக்கம் கிடக்கும்.

"'அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா'னு வீட்ல சிரிக்கிறாங்க. என்ன சொல்றது?"

பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-களின் கடைசியில் இந்த மாதிரி துக்கங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்: ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கங்கள். துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள், லீவு கிடைக்காது, அழுதால் கேலி. வளர்த்த நாய் செத்துப்போனவர்களுக்கும் இதே கதிதான். ஆறுதல் கிடைக்காத துக்கம் மெதுவாகத்தான் ஆறும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆகவே வீட்டில் நியாயம் கேட்டுக்கொண்டிருக்காமல், அதே குரலைக் கேட்டு வளர்ந்த ஒருவரைப் பிடியுங்கள். பழைய ரூம்மேட், பக்கத்து சீட்டுக்காரர், யாராவது. அரை மணி நேரம் 'அந்தப் பாட்டில் அந்தச் சிரிப்பு இருக்கே' என்று பேசினால் போதும்.

"அவர் பாட்டைக் கேட்கவே முடியல. பல்லவியிலேயே நிறுத்திடறேன். எப்ப கேட்கலாம்?"

இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. ஊரடங்கு தளர்ந்து நாங்கள் திரும்ப மேடையேறியபோது, கேட்டு வந்த துண்டுச்சீட்டெல்லாம் எஸ்.பி.பி. பாட்டுதான். எங்கள் பாடகர் பல்லவியைத் தாண்டிவிடுவார்; சரணத்தின் இரண்டாவது அடியில், மூச்சு வாங்கவேண்டிய இடத்தில், குரல் நிற்கும். நான் இடையிசையை இன்னொரு சுற்று வாசிப்பேன். தபேலாக்காரர் தலையைக் குனிந்துகொண்டே தட்டுவார். கீழே இருக்கிற கூட்டம் சத்தமாகப் பாடி அந்த அடியை முடித்துவைக்கும். சில மாதம் இப்படித்தான் ஓடியது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். சோகப் பாட்டு யாரையும் அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. ஆளைக் கவிழ்த்தது குஷியான பாட்டுகள்தான். பாட்டுக்கு நடுவே அவர் சிரிப்பாரே, 'ஆங்' என்று ஒரு இழுப்பு, ஒரு செருமல், அந்த இடங்கள். சுரத்தில் எழுதிவைக்க முடியாத சங்கதிகள் அவை. எழுதியதை யாரும் பாடிவிடலாம், அவற்றை அவர் ஒருவர்தான் செய்வார் என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதனால் நான் சொல்வது: டூயட்டில் ஆரம்பியுங்கள், பாதிப் பாட்டை இன்னொரு குரல் தாங்கிக்கொள்ளும். பகலில் கேளுங்கள், கூட ஆள் இருக்கும்போது கேளுங்கள். ராத்திரி தனியாக ஹெட்போன் போட்டுக்கொண்டு மேடைக் கச்சேரி வீடியோக்களுக்குள் இறங்கவேண்டாம், முதல் சில மாதம். கேட்க முடியவில்லை என்றால் கேட்காமல் விடுங்கள். யாரும் வருகைப்பதிவு எடுக்கவில்லை.

"அத்தனை பேர் பிரார்த்தனை பண்ணோமே. ஏன் பலிக்கல?"

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்பவர்கள்தான் அதிகம், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆகஸ்ட் 5-ல் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது லேசான கொரோனா தொற்றுதான், யாரும் கவலைப்படவேண்டாம் என்று அவரே வீடியோவில் சொன்னார். 13-ம் தேதி ராத்திரி நிலைமை மோசமானது. 'பாலு, எழுந்து வா' என்று இளையராஜா கூப்பிட்டார். 20-ம் தேதி மாலை ஆறு மணிக்குத் திரையுலகமும் ரசிகர்களும் அவரவர் இடத்திலிருந்தே கூட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். மகன் சரண் அடிக்கடி வீடியோவில் வந்து நிலைமையைச் சொன்னார். செப்டம்பரில் தொற்று நீங்கிவிட்டது, ஐபேடில் கிரிக்கெட் பார்க்கிறார் என்ற செய்தியும் வந்தது. நம்பிக்கை வந்த பிறகு வந்த சாவு அது. ஏமாற்றமும் துக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் பாரம் இரட்டிப்பாகத்தான் இருக்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவருடைய 'ஒளிவிளக்கு' படத்துப் பிரார்த்தனைப் பாட்டைத் தியேட்டர்களில் போட்டார்கள், ஜனம் எழுந்து நின்று கும்பிட்டது. அவர் பிழைத்து வந்தார். அப்போது பலித்ததற்கும் 2020-ல் பலிக்காததற்கும் காரணம் சொல்ல என்னால் முடியாது. நுரையீரல் நொந்துபோன 74 வயது மனிதர் ஐம்பது நாள் தாக்குப்பிடித்தார் என்பதுதான் டாக்டர்கள் கண்ணில் படுகிற விஷயம். பிரார்த்தனையால் கிடைத்தது என்று ஒன்றைச் சொல்லலாமென்றால், அந்த ஐம்பது நாளும் நீங்கள் தனியாகக் கவலைப்படவில்லை.

"இறுதி அஞ்சலிக்குப் போக முடியல. அது உறுத்திக்கிட்டே இருக்கு."

தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் செப்டம்பர் 26-ல் அடக்கம் செய்தார்கள். கொரோனா காலம், கூட்டம் கூட விடவில்லை. போக முடியாதவர்கள்தான் 99 சதவீதம், அதில் நானும் ஒருவன்.

போயே ஆகவேண்டும் என்று இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006-ல் கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூரில் கலவரமாகி உயிர்கள் போயின. 2021-ல் அவர் மகன் புனீத் இறந்தபோது கண்டீரவா ஸ்டேடியத்தில் வரிசை வரிசையாக லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டம் எப்படிப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் நெரிசலில் போய் நிற்கவேண்டாம். சமாதி அங்கேயேதான் இருக்கப்போகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனால் நிதானமாக நின்று பார்க்கலாம்.

"ஸ்டேட்டஸ் வைக்கலைன்னா ரசிகன் இல்லையா? எல்லாரும் வெச்சுட்டாங்க."

வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். செய்தி உறுதியாகும் முன்னால் மட்டும் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவரைக் கண்ணீர் அஞ்சலிப் படத்தில் போட்டுவிட்டு அப்புறம் அழிப்பது, அதைப் பார்க்கிற குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கொடுமை! ஆஸ்பத்திரி அறிக்கையோ வீட்டாரின் வார்த்தையோ வரட்டும்.

"நான் விஜயகாந்தை மீம் போட்டுக் கிண்டல் பண்ணவன். அவர் போனதும் தாங்கல. நடிக்கிறேனோனு எனக்கே சந்தேகமா இருக்கு."

2023 டிசம்பர் 28-க்குப் பிறகு இதைக் கேட்டவர்கள் எல்லாருமே முப்பது வயதுக்குக் கீழே உள்ள பையன்கள். நீங்கள் நடிக்கவில்லை. உங்களுக்கு அவர் அறிமுகமானதே தள்ளாடும் நடையும் குழறும் பேச்சுமாகத்தான். அது உடம்பு சரியில்லாத மனிதரின் பேச்சு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, உறைத்தவர்களும் சிரித்தார்கள். இறந்த பிறகுதான், படப்பிடிப்பில் லைட்மேன் வரைக்கும் தனக்குப் போடுகிற அதே சாப்பாட்டைப் போடவைத்தவர், நடிகர் சங்கக் கடனை அடைத்தவர் என்ற கதைகள் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தன. தீவுத்திடலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தபோது, தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. உங்கள் தாங்காமையில் பாதி அந்த வெட்கம்தான்.

வெட்கம் நல்லதுதான், அதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். பழைய மீம் உங்கள் பக்கத்தில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்றைக்கு யாருடைய தள்ளாட்டத்தை ஃபார்வர்டு செய்கிறோம் என்பதையும் ஒரு தடவை பாருங்கள். கோயம்பேட்டில் அவர் நினைவிடத்தில் அன்னதானம் நடக்கிறது. போய் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மன்னிப்புக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

"சரோஜாதேவி போனதிலிருந்து அம்மா டல்லாவே இருக்காங்க. 87 வயசுக்காரங்க போனதுக்கு இவ்வளவு வருத்தமா?"

உங்கள் அம்மாவுக்கு அவர் 87 வயதுப் பாட்டி இல்லை. கொட்டகையில் தரை டிக்கெட்டில் பார்த்த பெண். அந்த ஜாக்கெட் கை வைத்துத் தைத்துக்கொண்டதும், அந்தக் கொண்டை போட முயன்று வீட்டில் அடி வாங்கியதும் இவர்கள்தான். 2025 ஜூலையில் அவர் போனபோது, அந்தப் படங்களில் பார்த்த முகங்களை மனசுக்குள் எண்ணியிருப்பார்கள். மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணினால், அந்தக் கணக்கு எங்கே வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

'வயசாயிடுச்சும்மா, நல்ல சாவு' என்று சொல்லி முடிக்காதீர்கள். எந்தப் படம், யாரோடு போனீங்க, எந்தக் கொட்டகை என்று கேளுங்கள். டல்லாக இருந்தவர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள், உங்களுக்குத் தெரியாத ஒரு சித்தியும் அந்தக் கதையில் வருவார்.

"புனீத்துக்கு 46 வயசு. எனக்கும் 46. நெஞ்சுல லேசா பிடிச்சாலே பயம் வருது."

ஒத்த வயதுக்காரர் சாவு துக்கமாக வராது, பயமாகத்தான் வரும். உடற்பயிற்சி செய்த, ஆட்டம் ஆடிய மனிதர் 2021 அக்டோபர் 29 அன்று காலையில் நன்றாக இருந்து மத்தியானம் இல்லை என்றால், பார்க்கிறவனுக்கு உள்ளே கலங்கத்தான் செய்யும். அதற்கடுத்த நாள்களில் பெங்களூர் இதய ஆஸ்பத்திரிகளில் பரிசோதனைக்கு வந்த கூட்டமே அதற்குச் சாட்சி.

பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கூகுளில் தேடாதீர்கள். ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி எது வேண்டும் என்று அவர் சொல்வார். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் 'கேஸ்' என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதன் உடன்பிறப்பாக வருவது விவேக் பற்றிய கேள்வி. 2021 ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி அதிகாலை போய்விட்டார். தேதிகள் அடுத்தடுத்து இருந்ததால் ஊசிதான் காரணம் என்று ஊரே முடிவுகட்டியது, பயந்துபோய் ஊசியே போடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்ததாக டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். பின்னால் ஆராய்ந்த மத்திய அரசுக் குழுவும் தடுப்பூசி காரணம் இல்லை என்றது. ஒரே நாளில் வருகிற அடைப்பு இல்லை அது.

"அவரே போயிட்டார், இனிமே எதுக்கு இருக்கணும்னு தோணுது."

இதைப் படிக்கிறவர் நீங்களாக இருந்தால், மீதிக் கேள்விகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 மத்திய அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருந்தால் 1926. நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னால் 'சும்மா உளறாதே' என்று அடக்காதீர்கள். நேராகவே கேளுங்கள், கூடவே இருங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது தமிழ்நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதைத் தலைவன் மேல் வைத்த பாசம் என்று மேடையில் பேசிப் பேசியே நாம் கெடுத்தோம் என்பது என் எண்ணம். அந்த வீடுகளில் மிஞ்சியது கடனும் சின்னப் பிள்ளைகளும். நட்சத்திரமே தற்கொலை செய்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தபின் அந்த மாதம் அமெரிக்காவில் தற்கொலைகள் சுமார் 12 சதவீதம் கூடியதை டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் பின்னால் கணக்கிட்டுக் காட்டினார். அதனால் அப்படிப்பட்ட செய்தி வந்தால் எப்படி, எதனால் என்ற விவரங்களையும் கடைசிப் படங்களையும் பகிராதீர்கள். படிக்கிற நூறு பேரில் நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருவர் இருப்பார்.

"அவர் மேல நிறைய குற்றச்சாட்டு இருந்தது. நான் அழுதா அதை ஆதரிக்கிற மாதிரி ஆயிடுமா?"

ஆகாது. வேலையை ரசித்தீர்கள், அந்த வேலை உங்கள் வாழ்க்கையில் ஒரு இடத்தில் நிற்கிறது, அது போனதற்கு அழுகிறீர்கள். முதல் கேள்வியில் சொன்ன 'பெரும்பங்கு' இதுதான்.

ஆனால் பாதிக்கப்பட்டேன் என்று சொன்னவரை, 'செத்தவரைப் பற்றிப் பேசாதே' என்று அடக்கப் போகாதீர்கள். உங்களுக்கு அழ உரிமை உண்டென்றால் அவருக்கு அழாமல் இருக்க உரிமை உண்டு. இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் உணரலாம், கஷ்டம்தான். இதற்கு மேல் சுலபமான பதில் என்னிடம் இல்லை.

"ஏஐ-ல செத்தவங்க குரல் வருதே. கேட்டா சந்தோஷமா, பயமா, ஒண்ணும் புரியல. ஏன்?"

2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து ஏஐ மூலம் கொண்டுவந்தார். அதே வருடம் 'தி கோட்' படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் வந்தது, விஜயகாந்தின் உருவம் வந்தது. இன்னொரு பக்கம், தெலுங்குப் படம் ஒன்றில் அனுமதி கேட்காமல் எஸ்.பி.பி. குரலை உருவாக்கியதாகச் சரண் நோட்டீஸ் அனுப்பினார். ஆக, குடும்பம் சம்மதித்ததா என்பது முதல் கேள்வி. சம்மதம் இல்லாமல் வருவதை நான் கேட்பதில்லை.

உங்கள் குழப்பத்துக்கு என் காது சொல்லும் காரணம் வேறு. ஏஐ ஒருவருடைய குரலின் நிறத்தை, அதன் தனி ஒலியை, பிடித்துவிடுகிறது. மேலே கேட்க முடியாத பாட்டைப் பற்றிச் சொன்னேனே, அந்தச் சிரிப்பு, செருமல், 'ஆங்', அவை ஒரு மனிதர் அந்த நேரத்தில் மைக் முன்னால் நின்று நினைத்தது. நிறம் அவருடையதாகவும் நினைப்பு யாருடையதாகவோ இருக்கும்போது, காது ஆளைத் தேடுகிறது, கிடைப்பதில்லை. சந்தோஷம் நிறத்தால், பயம் அந்தத் தேடலால். கேட்டு அழுகிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். பவதாரிணி 47 வயதில் போனவர், இன்னும் ஒரு பாட்டு கேட்டால் தேவலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது?

"வருஷா வருஷம் நினைவு நாளுக்கு என்ன செய்யலாம்? பேனருக்குக் காசு கேக்கறாங்க."

பேனருக்குக் கொடுக்காதீர்கள். புனீத் இறந்ததும் அவர் கண்களைத் தானம் செய்தார்கள், அதைப் பார்த்துக் கர்நாடகத்தில் ஏராளமானவர்கள் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். விவேக் கலாமின் பேச்சைக் கேட்டு மரம் நட்டவர், ஒரு கோடி அவர் இலக்கு, லட்சக்கணக்கில் நட்டுமுடித்த நிலையில் போனார். அவர் ரசிகர்கள் இன்றும் நடுகிறார்கள். நட்டதோடு விட்டுவிடாமல் கோடையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கொஞ்சம் குறைவு, அங்கே ஆள் தேவை.

பாடகருக்கென்றால் பாட்டுதான். செப்டம்பர் 25-ல் நாங்கள் அவர் பாட்டுகளை மட்டும் வாசிக்கிறோம். அது அஞ்சலியா வியாபாரமா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. இரண்டும்தான். மைக் செட்டுக்கும் வேனுக்கும் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"எனக்குப் பிடிச்சவருக்கு 80 தாண்டிடுச்சு. இப்பவே பயமா இருக்கு. எப்படித் தயாராகறது?"

தயாராக முடியாது. உடம்பு சரியில்லை என்று யூடியூப் தலைப்பு வரும்போதெல்லாம் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள், அதுவே பாதி நிம்மதி.

அவர் உங்கள் ஊர்ப் பக்கம் கச்சேரிக்கு வந்தால் போய்விடுங்கள். முன்வரிசை டிக்கெட்டெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, பின்னால் உட்கார்ந்தாலும் பாட்டு கேட்கும். குரல் முன்னைப் போல இல்லையே என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அவரிடமிருந்து இரண்டு சீட் தள்ளி உட்காருங்கள். அப்புறம் ஒரு கடிதம் எழுதுங்கள், எந்தப் பாட்டை எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று. பதில் வராமல் போகலாம். முகவரி தெரியாவிட்டால் அவர் இருக்கிற கலைஞர் சங்கத்தின் பெயருக்கு அனுப்பிப் பாருங்கள்.